பத்துச் சகோதரிகள்: பெங்காலீஸ் ஃபின்ச்சும் ஆண், பெண் அறிந்த வரலாறும்

பெங்காலீஸ் ஃபின்ச் என்பது வீட்டுக்குள் கூண்டிலும் பறவை அறையிலும் வளர்க்கப்படும் ஒரு சிறு பறவை. தினை, சாமை போன்ற சிறுதானியங்களே இதன் முதன்மை உணவு. நீளம் சுமார் 11 செ.மீ. பழுப்பு, வெள்ளை, இரண்டும் கலந்த திட்டுகள் எனப் பல நிறங்களில் காணப்படும். இப்பறவை காட்டில் இல்லை. கோழியையும் புறாவையும் போல, இதுவும் மனிதரின் வளர்ப்பில் உருவான இனமே.

இதை வளர்ப்போர் முதலில் சந்திக்கும் சிக்கல், எது ஆண், எது பெண் என்பதுதான். சாம்பல் நிற ஸீப்ரா ஃபின்ச்சில் ஆணின் கன்னத்தில் செம்மஞ்சள் திட்டு இருக்கும், பார்த்தவுடன் சொல்லிவிடலாம். பெங்காலீஸ் ஃபின்ச்சில் அப்படி எந்த அடையாளமும் இல்லை. அளவு, நிறம், அலகு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஆண் பாடும், பேடு பாடாது. வளர்ப்போர் காதால் கண்டுகொண்ட இந்த வேறுபாடே பிற்காலத்தில் ஒரு பெரிய அறிவியல் ஆய்வுக்கு வழி திறந்தது.

பெயரும் பூர்விகமும்

பெயரில் வங்காளம் இருந்தாலும் இப்பறவை வங்காளத்தில் உருவானதன்று. இதன் மூதாதை வெண்முதுகுச் சில்லை என்னும் காட்டுப் பறவை. இந்தியா, இலங்கை முதல் தென்கிழக்கு ஆசியா, தென் சீனா, தைவான் வரை அது பரவியுள்ளது. ஜப்பானுக்குச் சென்றது அதன் சீனக் கிளையினம். இது பல சில்லைகளின் கலப்பினமாக இருக்கலாம் என்ற கருத்து நெடுநாள் நிலவியது. வெண்முதுகுச் சில்லையே இதன் மூலம் என்பது இன்று ஏற்கப்பட்டுள்ளது.

ஒவ்வொரு நாட்டினரும் இதற்குத் தம் மனம் போல் பெயரிட்டனர். ஆங்கிலேயர் பெங்காலீஸ் என்றனர். கூட்டமாக ஒற்றுமையாய் வாழ்வதால் அமெரிக்கர் சொசைட்டி ஃபின்ச் என்றனர். பிரெஞ்சுக்காரர் இதை ஜப்பான் குருவி என்றே அழைத்தனர். ஜப்பானியப் பெயர் ஜுஷிமாட்சு. அப்பெயரை எழுதும் மூன்று எழுத்துகளின் பொருள் பத்து, அக்காள், தங்கை என்பதாகும். பத்துச் சகோதரிகள் என்று பெயர் பெற்ற கூட்டத்தில் ஏறத்தாழப் பாதி சகோதரர்கள் என்பதைக் கண்ணால் காண வழியில்லை!

ஜப்பானில் வீட்டுப் பறவையான விதம்

1760-களின் தொடக்கத்தில் ஜப்பானின் கியூஷூ தீவைச் சேர்ந்த ஒரு நிலப்பிரபு சீனாவிலிருந்து இச்சில்லைகளை வரவழைத்தார் என்று ஜப்பானியப் பதிவுகள் கூறுகின்றன. அது எடோ காலம். வெளிநாட்டு வணிகம் பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. சீனக் கப்பல்கள் வந்து நின்ற நாகசாகித் துறைமுகம் இதே கியூஷூ தீவில்தான் உள்ளது.

ஜப்பானியர் இப்பறவையைத் தேர்ந்தெடுத்து வளர்த்தது பாட்டுக்காக அன்று. அவர்கள் மதித்தது இதன் பெற்றோர் குணத்தை. ஆணும் பேடும் மாறி மாறி அடைகாக்கும்; பிற இனக் குஞ்சுகளையும் தம் குஞ்சாகவே ஊட்டி வளர்க்கும். ஆகவே, கூட்டில் சரியாக அடைகாக்காத விலையுயர்ந்த பறவைகளின் முட்டைகளுக்கு இது வளர்ப்புத் தாய் ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளை நிறப் பறவைகள் தோன்றின. அதன் பின் நிறத்துக்காகவும் தேர்வு நடந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இவை ஐரோப்பிய வீடுகளையும் அடைந்தன.

காதால் அறியும் முறை

பாடும் ஆணைக் கண்டறிவது எளிது. அது உடலின் சிறகுகளைச் சிலிர்த்து, நிமிர்ந்து நின்று, மெல்லத் துள்ளியபடி பாடும். கூட்டத்தில் எது பாடியது என்று பிடிப்பது கடினம். எனவே ஒரு பறவையைத் தனிக் கூண்டில் இரவு முழுதும் வைத்து, மறுநாள் காலை இன்னொரு பறவைக்கு அருகில் கொண்டுவருவர். ஆணாக இருந்தால் பெரும்பாலும் உடனே பாடும். பாடியதன் காலில் ஒரு நிற வளையம் இட்டுவிட்டால் பிறகு ஐயம் இல்லை.

பாடாதது எல்லாம் பேடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இளம் ஆண் சுமார் 40 நாள் வயதில்தான் முணுமுணுப்பாகப் பாடத் தொடங்கும். 4 மாத அளவில்தான் பாட்டு உறுதிப்படும். நோயுற்றதும் அஞ்சியதும் பாடாமல் இருக்கும். ஒரே கூட்டில் சேர்ந்து உறங்குவதைக் கொண்டும் இணை என்று கொள்ள முடியாது. இரண்டு ஆண்களும் அப்படி உறங்கும். வழக்கமாக ஒரு பேடு 4 முதல் 7 முட்டை இடும். ஒரு கூட்டில் பத்துக்கு மேல் சேர்ந்து அத்தனையும் கூமுட்டையானால், உள்ளே இருப்பவை இரண்டு பேடுகளாக இருக்கக்கூடும்.

1998-இல் ரிச்சர்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் பெரும்பாலான பறவைகளுக்குப் பொருந்தும் மரபணுச் சோதனையை வெளியிட்டனர். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் நிறப்புரிகள். பேட்டுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. இவ்விரண்டிலும் உள்ள ஒரு மரபணுவின் நீள வேறுபாட்டைக் கொண்டு பாலினம் அறியப்படுகிறது. இறகின் அடிப்பகுதியோ ஒரு துளி இரத்தமோ இதற்குப் போதும்.

கூண்டு மாற்றிய பாட்டு

ஜப்பானிய ஆய்வாளர் கசுவோ ஒகனோயா, காட்டுச் சில்லையின் பாட்டையும் வீட்டுப் பறவையின் பாட்டையும் ஒப்பிட்டார். காட்டுப் பறவை ஒலிகளை ஏறத்தாழ ஒரே வரிசையில் பாடியது. வீட்டுப் பறவையோ அவற்றைப் பல வகையாக மாற்றிக் கோத்துப் பாடியது. சிக்கலான பாட்டைக் கேட்ட பேடுகள் கூடு கட்டும் பொருள்களை அதிகம் சுமந்தன என்பதும் தெரியவந்தது. பாட்டை மனிதர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும் பாட்டு வளர்ந்தது.

காரணம் என்ன? காட்டில் பாடும் பறவை எதிரிக்குத் தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. மேலும், தன்னைப் போன்ற பிற சில்லைகளுக்கு நடுவே தன் இனத்தைப் பிழையின்றி அடையாளம் காட்ட வேண்டியுள்ளது. தைவானில் புள்ளிச் சில்லைகளோடு கலந்து வாழும் வெண்முதுகுச் சில்லைகளின் பாட்டு எளிமையாக இருப்பது இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. கூண்டில் இந்த நெருக்கடிகள் இல்லை. அங்கே கட்டுப்பாடு தளர்ந்தது. பேட்டின் விருப்பத்துக்கு இடம் கிடைத்தது. மனித மொழியின் தோற்றத்தை ஆராய்வோரும் இம்மாற்றத்தைக் கூர்ந்து கவனிக்கின்றனர்.

நம் நாட்டுச் சில்லைகள்

இதன் காட்டு உறவான வெண்முதுகுச் சில்லை நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழ்கிறது. வீட்டில் வளர்க்கலாம் என்பது 250 ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குப் பழகிய இனத்துக்கே பொருந்தும். காட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் சாயம் பூசி விற்கப்படும் சில்லைகள் பெரும்பாலும் அவ்வாறு பிடிபட்டவையே. அவற்றை வாங்காமல் இருப்பது மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய ஒரு நற்செயல்.