ஓரெழுத்து மாறிய தடுப்பூசி: சிக்மா-கேயும் செங்கல்பட்டு ஆய்வும்

வயது வந்தோருக்கும் பி.சி.ஜி. தடுப்பூசி போடும் திட்டம் 2024-இல் மும்பைக்கு வந்தது. அச்செய்தி பரவிய நாள்களில், நெல்லைத் தமிழ் குறித்துத் தாராவியில் களப்பணி செய்துகொண்டிருந்த என்னிடம் ஓர் ஆச்சி கேட்டார்: "பச்சப்புள்ளைக்குப் போடுத ஊசியத்தான கெழவிக்கும் போடப்போறாவ? அப்ப மொதல்ல போட்டது எங்க போச்சு?" அவருடைய வினைமுற்றுகளைக் குறித்துக்கொள்வதில் முனைப்பாக இருந்த எனக்கு விடை தெரியவில்லை. மாட்டுங்காவுக்குத் திரும்பிப் படிக்கத் தொடங்கியபோது, அக்கேள்வி என்னைப் பாக்டீரியாவின் சிக்மா காரணிகளிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

பாக்டீரியத்தின் மரபணுக்களைப் படியெடுக்கும் நொதி ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். படியெடுப்பை எங்கே தொடங்குவது என்பதை அது தானாக அறியாது. அதனோடு வந்து இணையும் சிக்மா என்னும் புரதமே தொடக்க இடத்தைக் காட்டுகிறது. ரிச்சர்ட் பர்ஜெஸ், ஆண்ட்ரூ டிராவர்ஸ், ஜான் டன், எக்கேஹார்ட் பவுட்ஸ் ஆகிய நால்வர் 1969-இல் 'நேச்சர்' இதழில் இதை அறிவித்தனர். சிக்மா மாறினால், அதே நொதி வேறு மரபணுக்களை வாசிக்கும். வெப்பம், பட்டினி, நம் பெருவிழுங்கணுக்களின் தாக்குதல் என ஒவ்வொரு நெருக்கடிக்கும் பாக்டீரியம் தன் வாசிப்பை மாற்றிக்கொள்வது இப்படித்தான். காசநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதி 1998-இல் வெளியானபோது, அதில் 13 சிக்மாக்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றுள் சிக்மா-ஏ அன்றாடப் பணிக்குரியது. சிக்மா-எச் வெப்பத்துக்கும் ஆக்சிஜனேற்ற நெருக்கடிக்கும் எதிர்வினை புரிவது. விழுங்கணுவுக்குள் கிருமி தாக்குப்பிடிக்கச் சிக்மா-இ வேண்டும். மாட்டுக் காசநோய்க் கிருமியின் ஒரு வகையில், சிக்மா-ஏயின் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியதால் நோயூட்டும் ஆற்றலே போயிருந்ததை 1995-இல் டெஸ்மண்ட் காலின்ஸ் குழுவினர் காட்டினர்.

பி.சி.ஜி.யும் அந்த மாட்டுக் கிருமியின் வழிவந்ததே. பிரான்சின் லீல் நகரில் கால்மெட்டும் கெரானும் 1908 முதல் 13 ஆண்டுகள், பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கில் அதனை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்தனர். வீரியம் இழந்த கிருமி 1921-இல் தடுப்பூசியாயிற்று. அதன் பிறகும் வளர்ப்பு நிற்கவில்லை. உறைநிலையில் உலர்த்திக் காக்கும் முறை வழக்கத்துக்கு வரும்வரை, பாஸ்டர் நிறுவனத்தின் தாய்க்கிருமி தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே இருந்தது. பாஸ்டர் 1173 என்ற பெயரிலுள்ள எண், அது எத்தனையாவது வளர்ப்பு என்பதைக் குறிப்பது. ஓலைச்சுவடியைப் படியெடுத்த வரலாறு அறிந்தவர்க்கு மேலே நடந்ததை ஊகிப்பது எளிது. படி எடுக்க எடுக்கப் பிழை சேரும். எந்த நாடு எந்த ஆண்டில் படி பெற்றதோ, அந்த ஆண்டுவரையிலான பிழைகளே அதற்கு வாய்க்கும்.

1927-க்கும் 1931-க்கும் இடையில் சிக்மா-கேயின் மரபணுவில் அத்தகைய பிழையொன்று நேர்ந்தது. தொடக்கக் குறியான ஏ-டி-ஜி, ஏ-டி-ஏ ஆகிவிட்டது. தொல்காப்பியர் வகுத்த மொழிமுதல் எழுத்து விதியை நினைத்துக்கொள்ளலாம். லகரம் தமிழில் உண்டு, ஆனால் சொல்லைத் தொடங்காது. ஏ-டி-ஏவும் மரபணுவின் நடுவே முறையாகப் பொருள் தரும். முதலில் நின்றால் வாசிப்பு சரிவரத் தொடங்காது. ஆகவே சிக்மா-கே அருகியது. அது இயக்கும் எம்.பி.பி. 70, 83 என்னும் இரு புரதங்களும் அருகின. 1920-களிலேயே பாரிசை விட்டுச் சென்ற ரஷ்ய, ஜப்பானிய, ஸ்வீடன் வகைகளில் அவை மிகுதி. 1931-இல் சென்ற டேனிஷ் வகையில் குறைவு. காரணம் அந்த ஓரெழுத்தே என்பதை 2005-இல் மான்ட்ரியாலின் மார்செல் பேர் குழுவினர் கண்டறிந்தனர்.

டேனிஷ் வகை நமக்கு அயலானதன்று. 1948-இல் கிண்டியில் அமைந்த பி.சி.ஜி. ஆய்வகத்தில் உற்பத்தியானது அதுவே. உயிருள்ள கிருமியை நலமாயிருக்கும் குழந்தைகளின் உடலில் பெருமளவில் செலுத்துவதா என்று 1955-இல் ராஜாஜி கடுமையாக எதிர்த்து எழுதினார். பின்னர் 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் உலகின் மிகப்பெரிய பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. ஏறத்தாழ 2,60,000 பேர் பங்கேற்றனர். டேனிஷ் 1331, பாஸ்டர் 1173 என இரு வகைகள் பயன்பட்டன. இரண்டுமே எழுத்து மாறியவை. ஏழரை ஆண்டுக் கண்காணிப்பில், நுரையீரல் காசநோயைத் தடுக்கும் பயன் எதுவும் தெரியவில்லை.

இதைப் படித்த இரவில், காரணம் கிடைத்துவிட்டதென்று நான் துள்ளியது உண்மை. மறுநாளே அடங்கினேன். 1950-களில் பிரிட்டனில் பள்ளி மாணவரிடையே நடந்த ஆய்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு காத்ததும் இதே டேனிஷ் வகைதான். ஒரே பிழையுள்ள ஒரே படி, அங்கே பயன் தந்தது, இங்கே தரவில்லை. ஆகவே செங்கல்பட்டின் தோல்வியைச் சிக்மா-கேயின் தலையில் கட்ட முடியாது. தென்னிந்திய மண்ணிலும் நீரிலும் உள்ள பிற மைக்கோபாக்டீரியாக்களும் பெரியவர்களுக்கு முன்பே ஏற்பட்டிருந்த தொற்றும் ஆய்வாளர் முன்வைத்த விளக்கங்கள். எனக்கு அவையே வலுவாகத் தோன்றுகின்றன. ராஜாஜி சொன்னது பலித்ததாக இதை எடுத்தாள்வதும் பிழை. குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒன்று உறுத்துகிறது. 'பி.சி.ஜி. பயன் தருமா' என்று ஒருமையில் கேட்டுவந்திருக்கிறோம். பாடபேதம் உள்ள நூலை ஒரே நூலாக எண்ணியது போல. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் பி.சி.ஜி. ரஷ்ய வகையைச் சேர்ந்தது. அவ்வகையில் அந்த எழுத்து மாறவில்லை.

அடுத்த வாரம் ஆச்சியிடம், சிறுவயதில் போட்டதன் காப்பு நாளடைவில் தேய்ந்துவிடும் என்றும், பெரியவர்களுக்கு மீண்டும் போட்டால் பயன்படுமா என்பதைத்தான் இப்போது பார்க்கிறார்கள் என்றும் சொன்னேன். "அப்ப இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காவளா?" என்றார். ஆமாம் என்றேன்.