ரேடியேட்டர் கொதித்த சாலை

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறக்குறைய 120 கிலோமீட்டரில் திண்டிவனம், 160-இல் விழுப்புரம். அம்பாசடர் ஓடிய காலத்தில், சித்திரை மாதத்தில், ஒன்பது மணிக்குக் கிளம்பிய வண்டி உச்சி வெயிலில் இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் எங்கோ போய்க்கொண்டிருக்கும். மயிலம் முனையிலோ விக்கிரவாண்டிப் பக்கமோ புளியமர நிழலில் பானெட்டைத் தூக்கிவைத்த கார் ஒன்று நிற்பது யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி. டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் தண்ணீர் கேன் இல்லாமல் யாரும் கிளம்பியதில்லை.

தண்ணீர் பிடித்துப் போவது விழுப்புரத்துக்குப் புதிதும் அல்ல. 1879-இல் புதுச்சேரிக்கு ரயில் கிளை பிரிந்ததிலிருந்து, நீராவி இன்ஜின்கள் இந்த ஜங்ஷனில் தாகம் தீர்த்துக்கொண்டு போயின. சாலையில் வந்தவை அளவில் சிறியவை, அவ்வளவுதான்.

1957-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ், வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசடரைக் கட்டத் தொடங்கியது. மூலம், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. விரைவிலேயே அதில் ஏறிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், 1990களில் இசுசு இன்ஜின் வரும்வரை பெரிய மாற்றம் இல்லாமல் ஓடியது. பம்பாயிலிருந்து வந்த ஃபியட்டும், இதே ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் போட்டிக்கு இருந்தன. ஆக மொத்தம் மூன்று கார்கள். லைசென்ஸ் ராஜ்யம் வாங்குபவர்களை வருடக்கணக்கில் காக்கவைத்தது உண்மை. ஆனால் அதே தேக்கம்தான் வீட்டு முற்றத்தில் ஒரு கைத்தொழிலையும் வளர்த்தது. அப்பா கழற்றிய அதே வாட்டர் பம்ப்பை, அதே ஸ்பானரால், மகனும் கழற்ற முடிந்தது. இருபது வருடம் கழித்தும் பாடம் பழசாகவில்லை.

அந்தப் பாடத்துக்கு ஒரு வரிசை உண்டு. ஹீட் முள் ஏறியதும் கை முதலில் போவது ஃபேன் பெல்ட்டுக்கு. அம்பாசடரில் ஒரே பெல்ட்தான் ஃபேன், வாட்டர் பம்ப், டைனமோ மூன்றையும் சுற்றும். அதனால் ஹீட் முள்ளோடு டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்துவிட்டது என்று வண்டியை விட்டு இறங்காமலே சொல்லிவிடலாம். முள் மட்டும் ஏறினால் கோளாறு வேறு இடத்தில்.

அடுத்தது மூடி. குக்கர் வெயிட் செய்யும் வேலையைத்தான் ரேடியேட்டர் மூடியும் செய்கிறது: ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கினால் உள்ளே தண்ணீர் 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். அதன் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால் நூறிலேயே பொங்கி வழியும். அவசரப்பட்டுச் சூட்டோடு மூடியைத் திறந்து முகம் வெந்தவர்கள் உண்டு. அனுபவசாலிகள் ஈரச் சாக்கைப் போட்டு, கால் சுற்று திருகி, ஆவி அடங்கும்வரை காத்திருப்பார்கள். பிறகும் இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் வெடித்துவிடும்.

வீட்டுக்கு வந்தபின் தெர்மோஸ்டாட். அதைக் கழற்றி நூலில் கட்டி, அடுப்பில் சூடாகும் பாத்திரத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டால், எண்பது டிகிரியைத் தாண்டியதும் வாய் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மாற்ற வேண்டும். நம் ஊரில் பலர் மாற்றவில்லை. நம்ம வெயிலுக்கு இது எதற்கு என்று பிடுங்கியே எறிந்தார்கள். அது அரைகுறை வைத்தியம். காலையில் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் வீணாகும், தேய்மானமும் கூடும்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் ரேடியேட்டரேதான். ஓடிய வண்டியை நிறுத்தி, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்தினால், சூடான பரப்பில் அங்கங்கே குளிர்ந்த திட்டுகள் தட்டுப்படும். அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை என்று அர்த்தம். சில சமயம் அடைப்பு வெளியிலேயே இருக்கும். அறுவடை நாட்களில் சாலையிலேயே கதிரைப் பரப்பிப் போரடிக்கும் ஊர்களில், தூசியும் சருகும் ரேடியேட்டர் முகத்தை மூடிக்கொள்ளும். உள்ளடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். போர்வெல்லின் உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, கொதித்த பாத்திரத்தில் போலவே சுண்ணாம்பு படியும். மழைநீர் தேங்கும் ஏரித் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு.

அடைத்த ரேடியேட்டர் பட்டறைக்குப் போகும். தாமிரமும் பித்தளையும் சேர்ந்த பொருள் என்பதால், மேல் தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, மறுபடி பற்றவைக்க முடிந்தது. கசிவு சின்னதென்றால் மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றி ஊர் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு.

இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்தாலோ, டிப்ஸ்டிக்கில் ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தாலோ முற்றத்து வைத்தியம் முடிந்தது: ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய் சமம் பார்த்தே ஆகவேண்டும்.

வெயில் காலத்தில் வேறொரு ஏமாற்றும் உண்டு. ரேடியேட்டர் நிறைந்திருக்கும், வண்டி மட்டும் இருமி இருமி நின்றுவிடும். இன்ஜினை ஒட்டியிருந்த பெட்ரோல் பம்ப்பில் பெட்ரோலே ஆவியாகிவிட்டிருக்கும். டிரைவர் ஈரத் துணியைப் பம்ப்பின் மேல் சுற்றி ஒரு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்தால் ஸ்டார்ட் ஆகும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் ஃபேனுக்குப் பெல்ட் இல்லை. தேவைப்படும்போது மின்சாரத்தில் சுற்றியது. 1990களில் சென்னையின் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு வரிசையை வாங்கி இங்கே நிறுவி, அந்த நிறுவனத்துக்கே மூடி அனுப்பத் தொடங்கியது. கசியும் மூடிகளோடு மல்லாடிய ஊருக்கு அது சின்னப் பெருமையல்ல. 2000களில் சாலை நான்கு வழியானது. அம்பாசடர் 2014-இல் நின்றது.

புது ரேடியேட்டர்கள் அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். ஈயம் ஒட்டாது; ஓட்டையானால் பெரும்பாலும் புதிதுதான் வாங்க வேண்டும். பழைய அம்பாசடரை இன்னும் வைத்திருப்பவர்களுக்குக் கூலன்ட் ஊற்றச் சொல்கிறார்கள், சரியான யோசனைதான். ஆனால் ஊற்றுமுன் சுண்ணாம்பைக் கரைத்துக் கழுவியதும் சில ரேடியேட்டர்கள் நாலு பக்கமும் ஒழுகத் தொடங்கும். அதுவரை அந்த ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்ததே சுண்ணாம்புதான். ஆகவே கழுவுவதற்கு முன்பே, ஈயம் பற்றவைக்கத் தெரிந்த ஒருவர் அக்கம்பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரித்து வைத்துக்கொள்வது உத்தமம்.