குடும்பத்துக்கு ஒரு கார்: மாதக் கட்டணத்தைக் கடைசியாகப் பாருங்கள்

பார்க்டேலில் இருப்பவர்களுக்குக் கார் அவசியமில்லை என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. குயின் வீதியில் 501, கிங் வீதியில் 504 ஸ்றீற்கார்கள் ஓடுகின்றன. கடை, பாடசாலை, மருத்துவர் எல்லாம் நடை தூரத்தில் உண்டு. ஆனால் எம்மவர்களில் பெரும்பாலோர் ஸ்காபுறோவுக்கும் மார்க்கத்துக்கும் போய்விட்டார்கள். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, அந்தியேட்டி எல்லாம் நகரின் மறுபக்கத்தில்தான். முழங்கால் நோவுள்ள அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பனிக்காலத்தில் மூன்று வாகனம் மாறிப் போனவர்களுக்குத் தெரியும், கார் எப்போது அவசியமாகிறது என்று.

நாங்கள் முன்பு ஒருமுறை 84 மாதக் கடனில் ஒரு வான் எடுத்தோம். மாதக் கட்டணம் கையைக் கடிக்காது என்பதே காரணம். நான்காம் ஆண்டில் கியர்பொக்ஸ் போனது. அப்போது கட்ட இருந்த கடன் அந்த வானின் பெறுமதியை விடக் கூட. மிச்சக் கடனை அடுத்த வாகனத்தின் கடனோடு சேர்த்துத் தருவதாக விற்பனையாளர் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். ஊராரின் கணக்கைப் பார்ப்பது எங்கள் தொழில். எங்கள் கணக்கை மட்டும் அன்று பார்க்கவில்லை. அந்தக் கடன் முடிய நெடுங்காலம் எடுத்தது. ஆகவே அடுத்த கார் வாங்க முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி ஒப்பிட்டோம். அந்த முறையைத்தான் இங்கே தருகிறோம்.

எந்த வகை வாகனம்?

லண்டனில் இருக்கும் உறவினர் 'எஸ்டேட் கார்' என்பதை இங்கே 'ஸ்ரேசன் வாகன்' என்கிறோம். கார் போலப் பதிந்த உடல், பின்னால் நீண்ட டிக்கி. ஒரு காலத்தில் கனடாவின் குடும்ப வாகனம் இதுதான். வின்ட்சரில் தயாரான டொட்ஜ் காரவான் 1984 மொடலாக வந்ததும் குடும்பங்கள் வானுக்கு மாறின. பிறகு எஸ்யூவி வந்தது. புதிய நடுத்தர வாகன்களில் ஆடம்பர விலை இல்லாமல் இங்கே கிடைத்தது சுபாறு அவுட்பாக் ஒன்றுதான் என்று சொல்லலாம். அதுவும் 2026 மொடலில் உயர்ந்த பெட்டி வடிவத்துக்கு மாறிவிட்டது. வொல்வோ வி60 கிறொஸ் கன்ட்ரியும் இருந்தது, ஆனால் விலையும் கூட, பிறீமியம் பெற்றோலும் வேண்டும். வொல்க்ஸ்வாகன் கோல்ஃப் ஸ்போர்ட்வாகன் 2019 மொடலோடு நின்றது. ஆகவே வாகன் விரும்புபவர்கள் பாவித்த கார்களையே பார்க்க வேண்டியிருக்கும்.

நாங்கள் ஒப்பிட்டது மூன்று: 2025க்கு முந்திய அவுட்பாக், ரொயோட்டா ராவ்4 ஹைபிரிட், ரொயோட்டா சியன்னா வான்.

நீளத்தில் ராவ்4 சுமார் 4.6 மீற்றர், அவுட்பாக் சுமார் 4.9, சியன்னா சுமார் 5.2. வீட்டோடு தரிப்பிடம் உள்ளவர்களுக்கு இது பெரிய விடயமல்ல. பார்க்டேலில் பலர் நகரசபையின் அனுமதி வாங்கி வீதியில் நிறுத்துபவர்கள். பனி குவிந்த இரவில் அரை மீற்றர் என்பது இடம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் உள்ள வித்தியாசம். அடுக்குமாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்தில் நிறுத்துபவர்கள் கூரையின் உயரத்தையும் அளந்து பாருங்கள். கூரைப் பெட்டி பூட்டினால் சில இடங்களில் நுழையாது.

சியன்னாவில் ஏழு அல்லது எட்டுப் பேர் போகலாம். மற்ற இரண்டிலும் ஐந்து பேர்தான். வீட்டில் ஆறு பேர் என்றால் கேள்வியே இல்லை, வான்தான். ஐந்து பேர் என்றால், வருடத்தில் எத்தனை நாள் ஆறாவது ஆள் ஏறுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் கணக்கில் எட்டு நாள் வந்தது. எட்டு நாளுக்காக 365 நாளும் மூன்றாவது வரிசையை இழுத்துக்கொண்டு திரிய வேண்டுமா?

சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் ஆசனங்களைக் கடைக்கே கொண்டுபோய்ப் பூட்டிப் பார்க்க வேண்டும். ஒன்ராறியோ சட்டப்படி பிள்ளைக்கு எட்டு வயதாகும் வரை, அல்லது 36 கிலோ எடையோ 145 சென்ரிமீற்றர் உயரமோ வரும் வரை பூஸ்ரர் ஆசனம் வேண்டும். இரண்டு ஆசனம் பூட்டிய பின் நடுவில் அம்மா இருக்க முடியுமா என்பதை விளம்பரத் தாள் சொல்லாது. அம்மாவையும் கூட்டிப் போங்கள். இடுப்பளவு உயரத்தில் ஆசனம் இருந்தால் முழங்கால் நோவுள்ளவர் ஏறி இறங்குவது சுகம். பதிந்த காரில் எழும்புவது கஷ்டம், உயர்ந்ததில் ஏறுவது கஷ்டம்.

பெற்றோல் கணக்கு

ஒரே முறையில் அளக்கப்பட்ட எரிபொருள் பாவனையை மொடல் வாரியாக மத்திய அரசின் இயற்கை வளத் திணைக்களம் வெளியிடுகிறது. நூறு கிலோமீற்றருக்கு ராவ்4 ஹைபிரிட் சுமார் 6 லீற்றர், சியன்னா ஏழுக்குச் சற்றுக் கீழே, 2.5 லீற்றர் எஞ்சின் அவுட்பாக் எட்டுக்குச் சற்று மேலே. சியன்னா 2021 மொடலிலிருந்து ஹைபிரிட்டாக மட்டுமே வருவதால்தான் இவ்வளவு பெரிய வான் வாகனை விடக் குறைவாகக் குடிக்கிறது.

வருடத்துக்கு 15,000 கிலோமீற்றர் ஓடினால், 8.4 லீற்றர் கார் 1,260 லீற்றர் குடிக்கும். 6 லீற்றர் கார் 900. வித்தியாசம் 360 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலர் என்று வைத்தால் வருடத்துக்கு 540 டொலர். வருடம் 7,000 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கு இது 250 டொலரளவுதான். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் விலையை இந்தத் தொகையால் பிரித்துப் பாருங்கள். எத்தனை வருடத்தில் மீளும் என்பது தெரியும்.

கடனும் வரியும்

கார் விலை 35,400 டொலர் என்று வைப்போம். 13 வீத எச்எஸ்ரி சேர்த்தால் ஏறத்தாழ 40,000. முழுவதும் கடன், வட்டி 7 வீதம். 60 மாதத்தில் கட்டினால் மாதம் 792 டொலர், மொத்த வட்டி சுமார் 7,500. 84 மாதத்தில் கட்டினால் மாதம் 604 டொலர், மொத்த வட்டி சுமார் 10,700. மாதம் 188 டொலர் குறைகிறது என்று சந்தோசப்படுகிறோம், முடிவில் 3,200 டொலர் கூடக் கட்டுகிறோம். அதை விட முக்கியமானது, நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் 84 மாதக் கடனில் 19,500 டொலருக்கு மேல் மிச்சம் இருக்கும். அப்போது கார் பழுதானால் எங்களுக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

பழைய காரை விற்பனை நிலையத்தில் மாற்றாகக் கொடுத்தால் அதன் விலையைக் கழித்த தொகைக்கே வரி. 10,000 டொலர் தந்தால் 1,300 டொலர் வரி மிச்சம். ஆகவே தனியாக விற்பதானால் 11,300க்கு மேல் கிடைத்தால்தான் லாபம்.

தனியாரிடம் வாங்கினாலும் 13 வீத வரி உண்டு. கொடுத்த விலை, 'ரெட் புக்' சொல்லும் மொத்த விற்பனைப் பெறுமதி, இரண்டில் எது கூடவோ அதற்கே வரி. பற்றுச்சீட்டில் குறைத்து எழுதிப் பயனில்லை. சேர்விஸ் ஒன்ராறியோவின் பாவித்த வாகனத் தகவல் கோவையை விற்பவர் தரவேண்டும். காரில் கடன் நிலுவை இருந்தால் அதில் தெரியும். வீதியில் கொட்டும் உப்பு காரின் அடியைத் தின்றுவிடும் நாடு இது. வேறொரு மெக்கானிக்கிடம் தூக்கிப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம்.

பதிவுபெற்ற விற்பனை நிலையங்கள் விளம்பரம் செய்யும் விலையில் எச்எஸ்ரியும் லைசென்ஸ் கட்டணமும் தவிர எல்லாக் கட்டணங்களும் அடங்கியிருக்க வேண்டும். இது ஒன்ராறியோ சட்டம். 'நிர்வாகக் கட்டணம்' என்று பின்னர் சேர்த்தால் கேளுங்கள். இன்னொன்று: கையெழுத்து வைத்த பின் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இங்கே அவகாசம் தருவதில்லை. வீட்டுக்குப் போய் யோசிப்பதானால் கையெழுத்துக்கு முன்னரே போக வேண்டும்.

காப்புறுதி

கையெழுத்துக்கு முன் மூன்று வாகனத்துக்கும் ஒரே சாரதி, ஒரே முகவரி கொடுத்துக் காப்புறுதி விலை எடுங்கள். ஒன்ராறியோவில் ராவ்4, ஹைலேண்டர், ஹொண்டா சிஆர்-வி போன்றவை களவு போகும் வாகனங்களின் பட்டியலில் அடிக்கடி வருபவை. சில நிறுவனங்கள் அப்படியான வாகனத்துக்குக் கூடுதல் கட்டணம் கேட்கும், அல்லது கண்காணிப்புக் கருவி பூட்டச் சொல்லும். எங்களுக்குக் கிடைத்த விலைகளில், ஹைபிரிட்டால் மிஞ்சும் 540 டொலரும் காப்புறுதியிலேயே போய்விட்டது. பனிக்கால ரயர் பூட்டினால் தள்ளுபடி தரவேண்டும் என்பது 2016 முதல் விதி. கேட்டு வாங்குங்கள்.

ஒரு தாள், ஒரு கூட்டல்

ஒவ்வொரு வாகனத்துக்கும் ஐந்து வருடத்துக்கு எழுதுங்கள்: வரியோடு விலை, வட்டி, காப்புறுதி, பெற்றோல், பராமரிப்பும் ரயரும், தரிப்பிடம். கூட்டுங்கள். ஐந்து வருடத்தின் பின் விற்றால் கிடைக்கும் தொகையைக் கழியுங்கள். அந்தத் தொகையை அறிய, ஐந்து வருடம் பழைய அதே மொடல் இன்று என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்தால் போதும். வருவதுதான் அந்த வாகனத்தின் உண்மையான செலவு. அதை 60 ஆல் பிரியுங்கள். விற்பனையாளர் சொல்லும் மாதக் கட்டணத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால் பலருக்குத் தூக்கி வாரிப்போடும்.

எங்கள் தாளில் மூன்று வருடம் பாவித்த அவுட்பாக் வென்றது. 48 மாதக் கடனில் எடுத்தோம். உங்கள் தாளில் சியன்னா வெல்லலாம். வருடத்தில் சில நாள் மட்டும் வாகனம் தேவைப்படுபவருக்கு வாடகைக் காரும் ஸ்றீற்காருமே வெல்லலாம். எது வென்றாலும் சரி, கணக்கு உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும். அம்மா இப்போது பிடி பிடிக்காமல் ஏறி இறங்குகிறார். கடன் முடிய இன்னும் பதினொரு மாதம்.