மல்பெரித் தோட்டத்தைக் காப்பாற்றிய குட்டிக் குளவி

திருப்பூர் மாவட்டம் என்றாலே வெளியூர்க்காரர்களுக்குப் பனியன்தான் நினைவுக்கு வரும். தெற்கே உடுமலைப் பக்கம் பட்டுத் தொழிலும் உண்டு. மல்பெரித் தழையைப் புழுவுக்குப் போட்டு வெண்பட்டுக்கூடு எடுக்கிற குடும்பங்கள் அங்கே நிறைய. 2009, 2010-ல் அந்தத் தொழில் ஆட்டம் கண்ட கதையை நம் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

காரணம் பப்பாளி மாவுப்பூச்சி. அதன் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். 2008-ல் கோவையில் பப்பாளி மரத்தில் தென்பட்டது. பிறகு மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி, வேலியோரப் பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. கொழுந்தெல்லாம் வெள்ளை மாவு அப்பினாற்போல் ஆகிச் சுருண்டுவிடும், எறும்பு மொய்க்கும், இலை கறுத்துப் போகும்.

மருந்தடித்தால் தீராதா என்று கேட்கலாம். பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு. முட்டைகளோ பஞ்சுப் பைக்குள். மருந்து சரியாக உள்ளே இறங்காது. அதைவிடப் பெரிய சிக்கல், விஷம் பட்ட தழையைத் தின்றால் பட்டுப்புழுவே செத்துவிடும். என் மனைவியின் தம்பி அங்கே இரண்டு ஏக்கர் மல்பெரி வைத்திருந்தார். "செடியெல்லாம் பறிச்சுப் போட்டுட்டு, பையனைப் பனியன் கம்பெனிக்கே அனுப்பிடலாம்னு இருக்கேன் மச்சான்" என்றார். அவர் மட்டுமல்ல, அக்கம்பக்கத்திலும் அதே பேச்சுதான்.

வழி பழையதுதான். 1888-ல் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில் பூச்சி அழித்தபோது, அதன் தாயகமான ஆஸ்திரேலியாவிலிருந்து அதைத் தின்னும் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே போல, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தன. மற்ற உயிர்களுக்குத் தீங்கு இல்லை என்று சோதித்த பிறகு, அக்டோபரில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வெளியே விட்டார்கள். அதில் அசெரோபேகஸ் பப்பாயே என்கிற குளவிதான் நன்றாக வேலை செய்தது. நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதில் குளவியைப் பெருக்கினார்கள்.

குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். பொரிக்கும் புழு உள்ளேயிருந்தே பூச்சியைத் தின்று, குளவியாக வெளியேறும். விவசாயிகளுக்கு இருந்த ஒரே நிபந்தனை, மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும். அடித்தால் முதலில் சாவது குளவிதான். கண்ணெதிரே பூச்சி இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது லேசல்ல. பொறுத்தார்கள். 2011-க்குள் பூச்சி வெகுவாக அடங்கிவிட்டது. மைத்துனரின் மல்பெரியும் தப்பியது.

உங்கள் வீட்டுப் பப்பாளியில் வெள்ளை மாவு தெரிந்தால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். வீங்கிப் பழுப்பேறி, சின்ன ஓட்டையோடு காய்ந்த பூச்சிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், குளவி ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.