கொடைக்கானல் ஊசலும் புக்கிட் திங்கி அதிர்வும்

தீபகற்ப மலேசியா பசிபிக் நெருப்பு வளையத்திற்கு வெளியே உள்ளது. ஆதலால் இங்கு நிலநடுக்கம் தோன்றாது என்னும் எண்ணம் மக்களிடையே நெடுங்காலம் வேரூன்றி இருந்தது. அவ்வெண்ணத்தை அசைத்தவை சில கருவிகள். ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்பதால் அவற்றின் வரலாற்றை இங்கே தருகிறேன்.

கருவியின் அடிப்படை மிக எளிது. ஒரு நூலில் பூட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுக் கையைச் சட்டென்று பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். கை நகரும், பூட்டு ஒரு கணம் பின்தங்கும். தரை அசையும்போதும் தொங்கும் கனம் இவ்வாறே பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டைத் தாளில் பதிவதே நிலநடுக்கமானி. 1889 ஏப்ரல் 17 அன்று ஜப்பானில் நிகழ்ந்த அதிர்வு, செருமனியின் போட்ஸ்டாம் நகரிலிருந்த ஊசலில் பதிவானது. உலகின் ஒரு கோடியில் நடப்பதை மறு கோடியில் அறியலாம் என்பது அன்றுதான் தெளிவாயிற்று.

1897 ஜூன் 12 அன்று அஸ்ஸாமைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. அதனை ஆராய்ந்த ஓல்டாம், தொலைவிலுள்ள இத்தாலியக் கருவிகளின் பதிவுகளிலிருந்தே அலைகள் மூவகைப்படும் என்று பிரித்தறிந்தார். அடுத்த ஆண்டில் கல்கத்தாவின் அலிப்பூரிலும், அதையடுத்துப் பம்பாயிலும் கொடைக்கானலிலும் கருவிகள் நிறுவப்பட்டன. கொடைக்கானல் என்றதும் சூரிய ஆய்வுக்கூடமே நம் நினைவுக்கு வரும். ஆனால் அம்மலையில் மில்னின் ஊசலும் இருந்தது. ஜப்பானில் பேராசிரியராக இருந்த ஆங்கிலேயர் ஜான் மில்ன் வடிவமைத்த அக்கருவி, கிடைமட்ட ஊசலின் அசைவை ஒளியால் புகைப்படத் தாளில் வரைந்தது.

பதிவைப் படிக்கும் முறையை ஆறாம் ஆண்டு மாணவரும் புரிந்துகொள்வர். முதன்மை அலை விரைந்து வரும். இரண்டாம் நிலை அலை மெதுவாக வரும். இரண்டிற்கும் இடைப்பட்ட வினாடிகளை எட்டால் பெருக்கினால் அதிர்வு மையத்தின் தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். மூன்று நிலையங்களின் தொலைவுகளைக் கொண்டு வரைபடத்தில் வட்டங்கள் இட்டால், அவை சந்திக்கும் இடமே மையம்.

2004 டிசம்பர் 26 காலை நடுங்கிய சுமத்திரா மையம், நம் ரவாங்கிற்கு நேர் மேற்கே, ஏறத்தாழ அதே அகலக்கோட்டில், 620 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வாசிகள் அசைவை உணர்ந்தனர். நிலநடுக்கத்தை உலகெங்குமுள்ள கருவிகள் சில நிமிடங்களில் பதிந்தன. ஆயினும் இந்தியப் பெருங்கடலுக்கெனச் சுனாமி எச்சரிக்கை அமைப்பு எதுவும் அன்று இல்லை. பினாங்குக் கரையை அலை அடையச் சில மணி நேரம் இருந்தும், அந்த நேரம் வீணாயிற்று. மலேசியாவில் 68 பேர் உயிரிழந்தனர். இதன் பின்னரே, 2005-இல் மலேசிய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை அமைப்பை உருவாக்கத் தொடங்கி, நிலநடுக்கமானிகளையும் கடல்மட்ட அளவிகளையும் பெருக்கியது.

தொலைவைக் கண்காணிக்கப் பெருக்கிய வலை, அருகிலிருந்ததையும் பிடித்தது. 2007 நவம்பர் 30 அன்று பகாங் மாநிலத்தின் புக்கிட் திங்கியில் அதிர்வுகள் பதிவாயின. பெரியதன் அளவு 3.5. 2009 வரை இருபதுக்கும் மேற்பட்டவை தொடர்ந்தன. 2015 ஜூன் 5 அன்று சபாவின் ரானாவ் நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 உயிர்கள் மாண்டன. 2025 ஆகஸ்டு 24 அன்று ஜொகூரின் சிகாமட்டில் 4.1 அளவு அதிர்வு பதிவாயிற்று.

இதற்குப் பின்னர்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றே: "கருவி முன்கூட்டியே சொல்லுமா?" எப்போது நடுங்கும் என்று எந்தக் கருவியும் சொல்லாது. தொடங்கிய பின் விரைந்து சொல்லும், அவ்வளவே. புக்கிட் திங்கி நேர்க்கோட்டில் ரவாங்கிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் குறைவு. முன் சொன்ன கணக்கைப் போட்டால், முதல் அசைவிற்கும் வலிய அசைவிற்கும் இடையே கிடைப்பது மூன்று முதல் நான்கு வினாடிகள். மேசைக்கடியில் குனிந்து அமர ஒரு குழந்தைக்கு ஆகும் நேரம் அதுவே.