அடுப்பும் கூரையும்

சமையலறைக்குத் தமிழில் வழங்கிய பழம்பெயர் அட்டில் என்பது. அடுதலாவது சமைத்தல்; அடு என்பதும் இல் என்பதும் கூடி அட்டில் ஆயிற்று என்பர். அறை என்னாது இல் என்றமை நோக்கத்தக்கது. திருக்கோயில்களிலும் மடைப்பள்ளி கருவறையை ஒட்டி அமைவதன்று. தென்கிழக்காகிய அக்கினி மூலையில் தனித்து நிற்பதே மரபு. போர்த்துக்கீசியர் வழியாக வந்த குசினி என்னும் சொல் தோட்டப்புறத்தில் வேரூன்றிவிட்டது. அட்டிலோ ஏட்டளவில் நின்றுவிட்டது. சொல் மறைந்ததைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை. தீயை மனையினின்றும் விலக்கி வைத்த வழக்கம் எங்கே நழுவியது என்பதே ஆராயத்தக்கது.

இவ்வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஜொகூர் ஆற்றங்கரையில் உள்ள கோத்தா திங்கி போன்ற ஊர்களின் பழைய மலாய் வீட்டு அமைப்பை நோக்குக. முன்னே தாய்வீடு, பின்னே, சற்றுத் தாழ்ந்த தரையில், டாப்புர் எனப்படும் அடுக்களைப் பகுதி. சில வீடுகளில் இரண்டிற்கும் நடுவே ஒரு நடைவழியும் உண்டு. நீப்பா ஓலையால் வேய்ந்த அத்தாப்புக் கூரையின்கீழ் விறகெரித்து வாழ்ந்தோர்க்கு இவ்விடைவெளி வெறும் அழகன்று. தோட்டத்து லயன்களிலோ ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. அங்கே ஒரு குசினியில் எழும் பொறி ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. பிற்கால லயன்களில் குசினி பின்புறம் சென்றதும், அத்தாப்பு நீங்கித் தகரம் வந்ததும் சிறிய மாற்றங்கள் அல்ல.

பள்ளிக்கூடம் சமையலையும் தன் பொறுப்பில் ஏற்றது 20ஆம் நூற்றாண்டின் செய்தி. 1920இல், தியாகராயச் செட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வந்தது இவற்றால்தான். இதனை மறுப்பார் இலர். ஆயின் சோற்றுக்கு அரிசி எவ்வளவு என்று கணக்கிட்ட கருத்து, அச்சோற்றை ஆக்கும் அடுப்பு எங்கே இருத்தல் வேண்டும் என்பதிலும் எல்லாவிடத்தும் சென்றதாகச் சொல்லவியலாது.

2004 சூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணத்தில் ஸ்ரீ கிருஷ்ணா உதவிபெறும் பள்ளியில் முற்பகல் வேளையில் மதிய உணவு சமைத்துக்கொண்டிருந்தனர். சமையற்கூடம் கீழே, அதற்கும் ஓலைக்கூரை. மேல்தளத்தில் தொடக்க வகுப்புகள், அங்கும் ஓலைக்கூரையே. அடுப்பிலிருந்து எழுந்த தீ சமையற்கூடத்துக் கூரையைப் பற்றி, அங்கிருந்து மேலே தாவிற்று. காய்ந்த தென்னங்கீற்றின் இடையிடையே காற்று நிறைந்திருக்கும். ஆதலால் ஒரு மூலையில் பிடித்த தீ சில நிமிடத்தில் மறுமூலையை எட்டும். கட்டுக் கயிறும் மூங்கிலும் எரிந்தபின் கூரை முழுதும் கீழிருப்போர் மீது விழும். அன்றும் அவ்வாறே விழுந்தது. இறங்கும் வழி குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள் மாண்டனர்.

அடுப்பு என்றால் நெருப்பு இருக்கத்தான் செய்யும். நெருப்புக்கு மேல் ஓலையும், ஓலைக்குக் கீழ்ப் பிள்ளைகளும் இருந்ததே அங்கு நிகழ்ந்த பிழை. காவிரிக்கரை இதனை அறியாததுமன்று. 1997 சூனில் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தலில் மூண்ட தீ நாற்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கும்பகோணத்துக்கு ஆறே திங்கள் முன்னர், 2004 சனவரி 23ஆம் நாள், திருவரங்கத்துத் திருமண மண்டபம் ஒன்றில் ஓலைப்பந்தல் எரிந்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவ்விரண்டும் அடுப்பால் நேர்ந்தவை அல்ல எனினும், ஓலையின் இயல்பை ஊரறியக் காட்டியவை. அப்பாடம் பள்ளிச் சமையற்கூடத்தை எட்டவில்லை.

பின்னர்த் தமிழகப் பள்ளிகளில் ஓலைக்கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை நடைபெற்றது. 2009 ஏப்பிரலில் இந்திய உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் பயிலும் உரிமையும் அடங்கும் எனத் தீர்ப்பளித்து, தீயணைப்புக் கருவி வைக்கவும் ஆசிரியர்க்கு அதில் பயிற்சியளிக்கவும் பணித்தது. பயிற்சி ஆசிரியர்க்கே என்பதைத் தமிழாசிரியர்களும் குறித்துக்கொள்ளலாம். தீ வகுப்புப் பாடவேளை பார்த்து வருவதன்று.

இன்று விறகடுப்பு அருகி எரிவாயு வந்துவிட்டது. ஈண்டு ஒரு தலைகீழ் மாற்றம் உண்டு. விறகின் பொறி மேலே செல்லும். ஆகவே முன்னோர் கூரையைப் பார்த்து அஞ்சினர். சமையல் எரிவாயுவோ காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் படிந்து, தாழ்ந்த மூலையிலும் கால்வாயிலும் தேங்கும். சாளரம் உயரத்தில் இருந்தால் மட்டும் போதாது. தரையை ஒட்டியும் காற்று வெளியேற வழி வேண்டும். எரிவாயுத் தோம்பைச் சுவருக்கு வெளியே நிறுத்திக் குழாய் வழி உள்ளே கொணர்வது நன்று. சிற்றுண்டிச்சாலை, உணவுக்கடை ஆகியவற்றில் மற்றோர் அச்சம் எண்ணெய்ச் சட்டி. எரியும் எண்ணெயில் நீர் ஊற்றினால் நீர் அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, எண்ணெயை நெருப்போடு மேலே எறியும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூடி, சூடு தணியும்வரை திறவாதிருத்தல் வேண்டும். அம்மூடி எட்டும் தொலைவில், ஆனால் அடுப்புக்கு மேலே அல்லாமல், தொங்க வேண்டும்.