முதுமையில் மங்கும் பார்வை: மீள்வதும் மீளாததும்

வயது ஏறினால் பார்வை மங்குவது இயல்பே என்ற எண்ணம் தமிழ்க் குடும்பங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால் முதியோரின் பார்வையைப் பாதிக்கும் நோய்கள் யாவும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. சிலவற்றில் இழந்த பார்வை திரும்பும்; சிலவற்றில் திரும்புவதே இல்லை.

திரும்பும் வகையைச் சேர்ந்தது கண்புரை. உலக அளவில் பார்வையின்மைக்கு முதன்மைக் காரணமாக இருப்பதும் இதுவே. கண்ணின் வில்லை தெளிவை இழப்பதால் இது ஏற்படுகின்றது. செயற்கை வில்லையை 1949ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாகப் பொருத்தியவர் ஹரல்ட் ரிட்லி. போர் விமானிகளின் கண்களில் தைத்திருந்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் சிதறல்கள் அழற்சியை உண்டாக்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமான ஆரோலேப் 1992இல் மலிவு விலையில் வில்லைகளைத் தயாரிக்கத் தொடங்கியபின், இச்சிகிச்சை ஏழைகளுக்கும் எட்டியது. புரை முற்றட்டும் என்று காத்திருக்கும் பழைய வழக்கத்திற்கு இன்று அவசியமில்லை.

கண் அழுத்த நோய் எனப்படும் கிளாக்கோமா இதற்கு நேர்மாறானது. இதன் பரவலான வகையில் வலி இராது; பக்கவாட்டுப் பார்வையே முதலில் குறையும் என்பதால் நோயாளி அதனை உணர்வதுமில்லை. சேதமடைந்த பார்வை நரம்பு மீள்வதில்லை. சொட்டுமருந்து எஞ்சிய பார்வையைக் காக்குமே தவிர, இழந்ததை மீட்காது. பார்வை தெளியவில்லையே என்று பலர் மருந்தை இடையில் நிறுத்திவிடுவதுதான் பெரும் சிக்கல். மருத்துவர் ஆலோசனையின்றி நீண்டகாலம் பயன்படுத்தப்படும் ஸ்டீராய்டு சொட்டுமருந்துகளும் கண் அழுத்தத்தை உயர்த்தக்கூடும்.

தெற்காசியரிடையே நீரிழிவு அதிகம். அது விழித்திரையின் நுண்குழாய்களைப் பாதிக்கும்போதும் தொடக்கத்தில் அறிகுறி தெரியாது. ஆகவே, நன்றாகப் பார்க்க முடிகின்றவர்களுக்கும் விழித்திரைப் பரிசோதனை அவசியமாகின்றது.

விழித்திரையின் மையம் சிதையும் நோயில் நேர்கோடுகள் வளைந்து தெரியும், எதிரே இருப்பவரின் முகம் மங்கும். புகைபிடிப்போருக்கு ஆபத்து கூடுதல். இரத்தக்குழாய்கள் கசியும் வகைக்குக் கண்ணுக்குள் செலுத்தும் ஊசிமருந்து உண்டு. தாமதமானால் அதன் பலன் குறையும்.

பிரிட்டனில் அறுபது வயதைக் கடந்தோருக்குத் தேசிய சுகாதார சேவை கண் பரிசோதனையை இலவசமாக அளிக்கின்றது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கிளாக்கோமா இருந்தால், நாற்பது வயதிலிருந்தே இச்சலுகை உண்டு. தாயாரின் சொட்டுமருந்தை வாங்கிவரச் செல்லும் மகனும் மகளும் தமது கண்களையும் அப்போதே காட்டிக்கொள்ளலாம்.